கையெழுத்துக்கு மட்டும் வரும் கமிட்டியை வைத்து மூன்றாண்டுத் திட்டம் போடுவது எப்படி?

சிறுவிளக்கு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கேட்கிறேன். வேலை மூன்று: 24 மாலைநேரப் படிப்பு மையங்கள், பெண்கள் குழுக்களுக்கான வாழ்வாதாரப் பணி, சிறிய அளவில் கண்மாய் சீரமைப்பு. ஆண்டு வரவு சுமார் 96 லட்சம். அதில் வெளிநாட்டு நிதி 50, ஒரே ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணம் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி) 34, மீதி 12 உள்ளூர் நன்கொடை. முழுநேரப் பணியாளர் 20 பேர். செயற்குழுவில் (கமிட்டியில்) 9 பேர்.

வரும் ஏப்ரலில் தொடங்கும் மூன்று ஆண்டுக்குத் திட்டம் எழுத வேண்டும். போன தடவை ஆலோசகர் ஒருவர் ஆங்கிலத்தில் 62 பக்கம் எழுதிக் கொடுத்தார். செயற்குழுவில் ஒருவர்கூட அதை முழுதாகப் படிக்கவில்லை. காலாண்டுக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வருவார்கள். செயல்பாட்டு அறிக்கை வாசிப்போம், "நல்லா போகுது, தொடர்ந்து செய்யுங்க" என்பார்கள், மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்தாகும், அவ்வளவுதான். வராத நான்கு பேர் வீட்டுக்குப் புத்தகத்தை எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குகிறோம்.

என் கேள்விகள்: எதிலிருந்து தொடங்குவது, எத்தனை மாதம் வேண்டும்? மறுபடியும் ஆலோசகர் தேவையா? கமிட்டியை இதில் உண்மையாகவே ஈடுபடுத்த என்ன வழி? எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான சட்டம்) சான்றின் புதுப்பித்தல் திட்டத்தின் இரண்டாம் ஆண்டில் வருகிறது, அதைத் திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

---

கண்மாய்மடை:

திட்டம், கமிட்டி என்று இரண்டு சிக்கலாகப் பார்க்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. "அறிக்கை வாசிப்போம்" என்கிறீர்கள். அறிக்கை கேட்க அழைத்தால் வந்தவர் கேட்டுவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த மூன்று ஆண்டில் கமிட்டி மட்டுமே எடுக்கக்கூடிய முடிவுகள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எட்டோ பத்தோ வரும். அந்தத் தாள்தான் திட்டத்தின் எலும்புக்கூடு.

ஏப்ரலில் தொடங்க வேண்டுமானால் செப்டம்பரில் வேலையை ஆரம்பியுங்கள். ஆறு மாதம் போதும். அதற்கு மேல் இழுத்தால் ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள்.

முதல் மாதம் தகவல் திரட்டல். மையவாரியாகக் கடந்த மூன்று ஆண்டு சராசரி வருகை, ஒரு மையத்துக்கு ஓராண்டுச் செலவு, வேலையை விட்டுப்போன பணியாளர் எண்ணிக்கை, எந்த நிதி எந்த மாதத்தில் முடிகிறது. நான்கு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அடுத்த மாதம் பேச்சு. செயற்குழு உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம். நீங்கள் போகாதீர்கள், செயலாளரையும் அனுப்பாதீர்கள். பக்கத்து மாவட்டத்தில் இதே போன்ற நிறுவனம் நடத்தும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவர்கள் நிறுவனத்துக்கு நீங்கள் போய்ச் செய்யலாம். கேட்க வேண்டியவை மூன்றே: எந்த வேலையை நிறுத்தினால் ஊருக்கு உண்மையிலேயே இழப்பு? எந்த வேலையை நிறுத்தினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்? கூட்டத்தில் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது எது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைப் பெயர் போடாமல் தொகுத்துக் கமிட்டி முன் வையுங்கள். ஏன் யாரும் பேசுவதில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அதே மாதம் ஐந்தாறு ஊர்களில் பெற்றோரோடும் குழுப் பெண்களோடும் உட்கார வேண்டும். பிள்ளையை மையத்துக்கு அனுப்புகிறவர்களை மட்டும் கூப்பிட்டால் நன்றிதான் கிடைக்கும். அனுப்புவதை நிறுத்தியவர்கள் வீட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு செயற்குழு உறுப்பினராவது கூடப் போகட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் களத்தில் நின்றவர் கூட்டத்தில் பேசும் தொனியே வேறு.

மூன்றாவது மாதம் ஒன்றரை நாள் அமர்வு. இதுதான் மையம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அலுவலகத்தில் வைக்காதீர்கள், போனும் வவுச்சரும் வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் ஏதாவது பயிற்சி மையத்தில் ஒரு அறை போதும். முதல் அரை நாள் களப்பணியாளர்களும் இருக்கட்டும். நான்கு பக்கத் தகவலை அவர்கள் வாயால் சொல்லக் கேட்பது கமிட்டிக்கு அவசியம். பிறகு பணியாளர்கள் கிளம்பிவிட வேண்டும். அவர்கள் முன்னால் "இந்தத் திட்டத்தை மூடலாமா" என்று யாரும் பேச மாட்டார்கள்.

தொலைநோக்கு, இலக்கு வாசகங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். "அதிகாரப்படுத்துதல்" வேண்டுமா "மேம்பாடு" வேண்டுமா என்று ஒரு பகல் முழுக்கப் போய்விடும் ஆபத்து உண்டு. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புவதும் பெரும்பாலும் வீண். "பலம்: அர்ப்பணிப்புள்ள பணியாளர்கள்" என்று எழுதினால் அதிலிருந்து எந்த முடிவும் பிறக்காது. அதற்குப் பதில் சுவரில் மூன்று தாள் ஒட்டுங்கள்: நிறுத்துவது, தொடர்வது, புதிதாகத் தொடங்குவது. ஒவ்வொருவர் கையிலும் ஆறு அட்டை. பேசுவதற்கு முன் எழுத வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு கருத்து. "நிறுத்துவது" தாளில் ஆளுக்கு ஒன்றாவது கட்டாயம். இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் அந்தத் தாள் வெறுமையாகவே இருக்கும். மற்ற இரண்டும் நிரம்பி வழியும், 20 பேரை வைத்து 35 பேர் வேலையைத் திட்டமிட்டுவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். போன திட்டம் அலமாரிக்குப் போனதற்கு ஆங்கிலம் ஒரு காரணம் என்றால் இது இன்னொன்றாக இருக்கலாம், எடுத்துப் பாருங்கள்.

தலைவர் கடைசியில் பேச வேண்டும். அவரிடம் முன்னாடியே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால் மற்ற எட்டுப் பேரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

நான்காவது, ஐந்தாவது மாதம் எழுத்தும் பட்ஜெட்டும். ஆறாவது மாதம் செயற்குழு ஒப்புதல். திட்டம் 10 பக்கம் தாண்டக் கூடாது. முதல் ஆண்டுக்கு மாதவாரியாக, இரண்டாம் ஆண்டுக்குக் காலாண்டுவாரியாக, மூன்றாம் ஆண்டுக்கு எந்தத் திசை என்பது மட்டும். மூன்றாம் ஆண்டையும் மாதவாரியாக எழுதுவது கற்பனை.

முக்கியமாக, முதலில் தமிழில் எழுதுங்கள். நிதி தருபவருக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் ஒப்புதலுக்குப் பிறகு அதிலிருந்து ஒரு பிரதி செய்துகொள்ளலாம். ஆங்கில வரைவைக் கையில் கொடுத்துத் தமிழில் விளக்கினால், படித்த இருவர் பேசுவார்கள், பெண்கள் குழுவிலிருந்து வந்த உறுப்பினர் இருந்தால் அவர் தலையாட்டுவார். ஊரை நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

---

ஐந்தொகை:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அமர்வுக்குப் போகும்முன் பணக் கணக்கு தெளிவாக வேண்டும். உங்கள் 96 லட்சம் ஒரே பணம் கிடையாது. மூன்று தனித்தனிப் பானைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற முடியாது.

முதல் வேலை, ஒவ்வொரு திட்டத்தின் உண்மைச் செலவைக் காண்பது. பொதுச் செலவுகளை (அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம், வண்டி, மின்சாரம், இணையம்) ஒன்றாகக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு 14 லட்சம் என்று வையுங்கள். பணியாளர் கல்வியில் 9, வாழ்வாதாரத்தில் 6, கண்மாயில் 5 என்றால், அதே விகிதத்தில் 6.3, 4.2, 3.5 லட்சம் என்று பங்கு விழும். இதைச் சேர்த்த பிறகுதான் ஒரு திட்டத்தின் முழுச் செலவு. சி.எஸ்.ஆர். பணம் கல்விக்கு என்றால், அவர்கள் தரும் 34 லட்சத்தில் இந்த 6.3 அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அடங்காது. அப்படியானால் அந்த 12 லட்சம் உள்ளூர் நன்கொடையில் பாதிக்கு மேல் கம்பெனியின் திட்டத்துக்கு மானியமாகப் போகிறது என்று அர்த்தம். இது தெரிந்தே எடுத்த முடிவாக இருந்தால் சரி. தெரியாமல் நடந்தால், திட்டம் பெருகப் பெருக நிறுவனம் இளைக்கும்.

வெளிநாட்டு நிதி: எஃப்.சி.ஆர்.ஏ.வின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (முன்பு 50). 50 லட்சம் என்றால் உச்சம் 10 லட்சம். இதில் எது நிர்வாகச் செலவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். செயற்குழு உறுப்பினர்களின் பயணப்படி, கணக்கு எழுதும் செலவு, வாடகை, வண்டி ஓட்டமும் பராமரிப்பும், அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு, சட்ட மற்றும் தொழில்முறைக் கட்டணம் எல்லாமே நிர்வாகச் செலவு. ஆக, ஆலோசகர் கட்டணமும் கமிட்டி அமர்வின் செலவும் வெளிநாட்டு நிதியிலிருந்து போனால் அந்த 10 லட்சத்துக்குள்தான் வரும். உள்ளூர் நிதியிலிருந்து செய்துவிடுவது நிம்மதி.

அதே திருத்தம், வாங்கிய வெளிநாட்டு நிதியை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதையும் தடுத்துவிட்டது. "கூட்டமைப்பு வழியாகச் சிறு நிறுவனங்களுக்கு உதவுவோம்" என்று திட்டத்தில் யாராவது எழுதினால் அந்தப் பணத்தால் அது நடக்காது. வெளிநாட்டு நிதிக் கணக்கில் வரும் வட்டியும் வெளிநாட்டு நிதியாகவே கருதப்படும். அதை உள்ளூர் வரவில் காட்டிவிடாதீர்கள்.

சி.எஸ்.ஆர்.: கம்பெனி உங்கள் திட்டத்தைத் "தொடர் திட்டம்" என்று தன் போர்டில் தீர்மானித்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் தொடங்கிய ஆண்டு போக மேலும் 3 நிதியாண்டு வரை நீளலாம். செலவாகாத தொகையைக் கம்பெனி நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். அப்படி இல்லாவிட்டால் மார்ச் 31-க்குள் செலவழிக்கச் சொல்லி நெருக்குவார்கள், நீங்கள் பிப்ரவரியில் அவசர அவசரமாக நோட்டு வாங்கிக் குவிப்பீர்கள். மூன்றாண்டுத் திட்டம் என்று நீங்கள் எழுதி, எதிர்ப்பக்கம் ஓராண்டு ஒப்பந்தமாக இருந்தால், அது ஓராண்டுத் திட்டம்தான்.

சேமிப்பு: கமிட்டிக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வருமான வரி விலக்குக்கு, வரவில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும், 15 சதவீதத்தை நிபந்தனையின்றி ஒதுக்கி வைக்கலாம். 96 லட்சத்தில் 15 சதவீதம் 14.4 லட்சம் என்று காகிதம் சொல்லும். நடைமுறையில் நிபந்தனையோடு வந்த 84 லட்சத்திலிருந்து சேமிக்க முடியாது, மிச்சமானதை நிதி தந்தவர் கணக்குக் கேட்பார். சேமிப்பு பிறக்கிற இடம் அந்த 12 லட்சம் மட்டுமே. மாதாந்தர நிலையான செலவு 2.1 லட்சம் என்றால் மூன்று மாதக் கையிருப்பு 6.3 லட்சம். ஆண்டுக்கு 1.8 லட்சம் சேர்த்தால் மூன்றரை ஆண்டு ஆகும். "ஆறு மாதக் கையிருப்பு" என்று திட்டத்தில் அலங்காரமாக எழுதிவிட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். 15 சதவீதத்துக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தால், அதிகபட்சம் 5 ஆண்டுக்கு, உரிய படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்து சேர்க்கலாம். அப்போது செயற்குழுத் தீர்மானத்தில் நோக்கம் குறிப்பாக இருக்க வேண்டும். "சங்கத்தின் நோக்கங்களுக்காக" என்று பொதுவாக எழுதுவது சிக்கலை விலைக்கு வாங்குவது. "பயிற்சிக் கூடம் கட்ட" என்று எழுதுங்கள்.

பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) ஒதுக்கீடு வையுங்கள். 20 பேர் இருக்கும் நிறுவனத்தில் பத்து ஆண்டு வேலை பார்த்த இருவர் ஒரே ஆண்டில் கிளம்பினால் அந்தத் தொகை எந்த ஃபண்டரின் பட்ஜெட்டிலும் இருக்காது.

---

பைலாபக்கம்:

முதலில் அவசரமானது. வீட்டுக்கு மினிட்ஸ் புத்தகம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். வராதவர் வந்ததாகப் பதிவது பொய் ஆவணம். நாளைக்கு ஒரு உறுப்பினர் முரண்பட்டு "நான் அன்று ஊரிலேயே இல்லை" என்று சொன்னால், அந்தக் கூட்டத்தில் நிறைவேறிய வங்கித் தீர்மானம், பணி நியமனம், ஒப்பந்தம் எல்லாமே கேள்விக்குள்ளாகும். பைலாவில் (சங்க விதிகளில்) கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, எத்தனை என்று பாருங்கள். ஐந்து பேர் வந்தாலே கோரம் இருக்கிறது என்றால், ஐந்து கையெழுத்தோடு கூட்டம் செல்லும், மற்றவர்கள் "வரவில்லை" என்று பதிவாகட்டும். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் பதவி இழப்பார் என்ற விதி உங்கள் பைலாவில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கலாம்.

பைலா திருத்தம் சிறப்புத் தீர்மானம்: பொதுக்குழுவுக்கு (சங்க உறுப்பினர் அனைவரின் கூட்டத்துக்கு) 21 நாள் முன்னறிவிப்பு, நான்கில் மூன்று பங்கு ஆதரவு, பிறகு மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. இதைத் திட்டத்தின் கால அட்டவணையில் போடுங்கள். ஆண்டுப் பொதுக்குழு வழக்கமாகச் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் திருத்தத்துக்காகத் தனியாக ஒரு பொதுக்குழு கூட்ட வேண்டியிருக்கும்.

செயற்குழுவின் பதவிக்காலம் சட்டப்படி மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. அதனால்தான் 20 ஆண்டு அதே ஒன்பது பேர் இருக்கும் சங்கங்களைப் பார்க்கிறோம். "தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை" என்று பைலாவில் எழுதிக்கொள்ளலாம். ஒன்பது பேரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், நிறுவனத்தின் நினைவே அழிந்துவிடும். ஆண்டுக்கு மூன்று பேர் ஓய்வு பெறும்படி அமையுங்கள். முதல் இரண்டு ஆண்டு மட்டும் யார் போவது என்று குலுக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் படிவம் 7 பதிவாளரிடம், எஃப்.சி.ஆர்.ஏ. இருப்பதால் 45 நாளுக்குள் இணையவழி எஃப்.சி.-6இ படிவம், வங்கியில் கையெழுத்து மாற்றம். புதியவர் சேரும் முன்பே ஆதார், பான் விவரங்களை வாங்கி வையுங்கள். இதில் தாமதம் செய்துவிட்டுப் புதுப்பித்தலின்போது பழைய உறுப்பினர் பட்டியல் ஒரு இடத்திலும் புதியது இன்னொரு இடத்திலும் இருந்தால் கேள்வி வரும்.

புதுப்பித்தல்: எஃப்.சி.ஆர்.ஏ. சான்று 5 ஆண்டுக்கு. காலாவதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 4 மாதம் முன்பே போட்டுவிடும்படி உள்துறை அமைச்சகம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. காலாவதியான பிறகு புதுப்பித்தல் வராத வரைக்கும் வெளிநாட்டு நிதியை வாங்கவும் முடியாது, கையில் இருப்பதைச் செலவழிக்கவும் முடியாது. எனவே திட்டத்தில் "புதுப்பித்துவிடுவோம்" என்ற ஒரு வரி போதாது. காலாவதித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, 8 மாதம் முன் ஆவணச் சரிபார்ப்பு, 6 மாதம் முன் விண்ணப்பம், 2 மாதம் முன்னும் வராவிட்டால் கமிட்டியின் சிறப்புக் கூட்டம் என்று தேதி போடுங்கள். அந்தக் கூட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளை இப்போதே பேசிவிடுங்கள்: 50 லட்சம் நின்றால் எந்தப் பணியாளரின் சம்பளம் உள்ளூர் நிதியிலிருந்து எத்தனை மாதம் ஓடும், எந்த மையம் முதலில் நிற்கும். நெருக்கடியில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் முடிவாக இருக்கும்.

இன்னொன்று. புதிய வேலை எதையும் ஏற்கும் முன் சங்கத்தின் நோக்கங்களில் அது இருக்கிறதா பாருங்கள். முதியோர் இல்லம் தொடங்கலாம் என்று அமர்வில் உற்சாகமாக முடிவாகும், நோக்கங்களில் கல்வியும் பெண்கள் மேம்பாடும் மட்டும் இருக்கும். நோக்கத்தைத் திருத்தினால், பழைய பதிவின் நிபந்தனைக்குப் பொருந்தாத திருத்தமாக இருக்கும்போது, 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடமும் மறுபடி பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

(இதைப் படிக்கும் டிரஸ்ட்காரர்களுக்கு: பொதுக்குழு, படிவம் 7 எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. டிரஸ்ட் பத்திரம்தான் எல்லாம். ஆயுட்கால அறங்காவலர் என்று பத்திரத்தில் இருந்தால் மாற்றுவது கடினம். லாப நோக்கமில்லாத பிரிவு 8 கம்பெனிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு போர்டு கூட்டமாவது கட்டாயம்.)

---

மருதநிலம்:

ஆலோசகர் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் கருத்து: எழுதிக் கொடுக்க ஆள் வேண்டாம், கூட்டம் நடத்திக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஒன்றரை நாளில் செயலாளரே நடத்துநராக நின்றால் அவர் திட்டத்தை அவரே கேள்வி கேட்க முடியாது. வெளியாள் ஒருவருக்கு அமர்வு 2 நாள், முன் தயாரிப்பு 2 நாள், தொகுப்பு 1 நாள் என ஐந்து நாள் ஊதியம் போதும். ஒப்பந்தத்தில் "வரைவை எழுதுவது பணியாளர்கள், ஆலோசகர் அல்ல" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கண்மாய்மடை சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. களப்பணியாளர்களை அரை நாளோடு அனுப்புவது சரிதான், ஆனால் முடிவு என்ன ஆனது என்று அடுத்த வாரத்துக்குள் அவர்களிடம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகப்போகிறது என்ற வதந்தி முதலில் களத்துக்குப் போய்விடும், நல்ல பணியாளர்கள் வேறிடம் தேடத் தொடங்குவார்கள்.

---

சிறுவிளக்கு:

மிக்க நன்றி. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது இனி இல்லை. இரண்டு விஷயம் இன்னும் புரியவில்லை. கமிட்டி முன் "முடிவு" வைப்பது என்றால் தாளில் அது எப்படி இருக்கும்? அடுத்து, எங்கள் தலைவர் நல்லவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஊரில் மதிப்புள்ளவர். ஆனால் எதிர்க் கருத்து வந்தால் தன்மேல் அவநம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறார். அவரைப் புண்படுத்தாமல் எப்படிச் செய்வது?

---

கண்மாய்மடை:

தலைவர் விஷயம் முதலில். அவருக்கு வேலை கொடுங்கள். கூட்டத்துக்கு முந்தின வாரம் அஜெண்டாவை அவரோடு உட்கார்ந்து தயாரியுங்கள். "அய்யா, இந்தப் பொருளில் மூன்று வழி இருக்கு, மூன்றுக்கும் ஆதரவா யாராவது பேசினால்தான் நமக்குத் தெளிவு வரும், ரெண்டாவது வழிக்கு யாரைப் பேசச் சொல்லலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். எதிர்க் கருத்தை அவரே வரவழைத்தால் அது அவமரியாதையாகத் தெரியாது. வகுப்பறையை நடத்தியவருக்கு இது கைவந்த கலை. கருத்துக் கேட்கும்போது வட்டமாக ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் பேசச் சொல்வதும் உதவும். எல்லோரும் பேசுவதால் யார் எதிர்க்கிறார் என்ற கணக்கு எழாது.

தாள் விஷயம். இப்போது உங்கள் அஜெண்டாவில் "கல்வித் திட்டம் குறித்து விவாதித்தல்" என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு வருபவர் எதையும் யோசித்துவிட்டு வர முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள் (எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்):

"பொருள் 3. 24 மையங்களில் 7-இல் சராசரி வருகை 10 பிள்ளைகளுக்குக் கீழே. ஒரு மையத்துக்கு ஆண்டுச் செலவு 72,000 (ஆசிரியர் ஊக்கத்தொகை மாதம் 4,000 வீதம் 48,000, நோட்டும் விளக்கும் 9,000, மேற்பார்வைப் பங்கு 15,000). ஏழுக்கும் சேர்த்து 5.04 லட்சம். வழிகள்: (அ) ஏழையும் மார்ச்சில் மூடுவது, (ஆ) பக்கத்து ஊர் மையத்தோடு இணைக்கக்கூடிய நான்கை இணைத்து, மூன்றை மூடுவது, (இ) ஓராண்டு தொடர்ந்து, டிசம்பரில் வருகை 15-ஐத் தொடாதவற்றை மூடுவது. பணியாளர்கள் பரிந்துரை (ஆ). காரணம்: அந்த நான்கு ஊருக்கும் அடுத்த மையம் ஒரு கிலோமீட்டருக்குள், மற்ற மூன்று ஊரிலும் பள்ளியிலேயே மாலை வகுப்பு நடக்கிறது. இணைத்தால் இருட்டியபின் பெண் பிள்ளைகள் நடந்து திரும்புவது கவலை. அதற்கு வழி என்ன என்று கமிட்டி சொல்ல வேண்டும்."

அரைப் பக்கம்தான். படித்தவர் யாரும் சும்மா இருக்க மாட்டார். கடைசி வரியைக் கவனியுங்கள்: பணியாளர்களிடம் பதில் இல்லாத ஒன்றை ஒளிக்காமல் கேட்கிறது. குழுவிலிருந்து வந்த உறுப்பினருக்கு அதற்கு விடை தெரிந்திருக்கும்.

ஒரு கூட்டத்துக்கு இப்படி ஒரு பொருள், அதிகம் போனால் இரண்டு. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் போன கூட்ட முடிவுகள் என்ன ஆயின என்பதற்கு 15 நிமிடம், நிதிப் பக்கம் 20 நிமிடம், இந்தப் பொருளுக்கு 70 நிமிடம், மற்றவை 15. செயல்பாட்டு அறிக்கையைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள், ஏழு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் உறுப்பினர் இருந்தால் ஐந்து நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். சனிக்கிழமை பிற்பகல் வைப்பீர்கள் என்றால் ஆண்டின் நான்கு தேதியையும் ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாள், திருவிழா பார்த்துப் போடுங்கள். வருகை குறைவதற்குப் பாதிக் காரணம் பத்து நாள் முன்பு தேதி சொல்வது.

மினிட்ஸில் "விவாதிக்கப்பட்டது" என்று முடிக்காதீர்கள். என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், யாராவது மாறுபட்டார்களா. நான்கு விவரம்.

---

ஐந்தொகை:

அந்த 20 நிமிட நிதிப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. தணிக்கை அறிக்கையை அப்படியே வைத்தால் யாருக்கும் புரியாது. ஒரே பக்கம், பெரிய எழுத்து: மூன்று பானைக்கும் தனித்தனியே இந்தக் காலாண்டு பட்ஜெட், உண்மைச் செலவு, வித்தியாசம், 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு வரிக் காரணம், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு இதுவரை எத்தனை சதவீதம், நிபந்தனையற்ற கையிருப்பு இன்று எத்தனை மாதத்துக்குத் தாங்கும், அடுத்த மூன்று மாதத்தில் வரும் கெடு தேதிகள். கடைசி இரண்டு விவரங்களையும் ஒவ்வொரு கூட்டத்திலும் பொருளாளர் வாயால் சொல்ல வையுங்கள், கணக்காளர் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு தடவை தடுமாறுவார், கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள்.

தலைவர் அல்லது உறுப்பினரின் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறீர்களா, உறவினர் யாராவது சம்பளத்தில் இருக்கிறார்களா என்பதையும் ஆண்டுக்கு ஒரு முறை எழுத்தில் வாங்குங்கள். நியாயமான வாடகையும் நியாயமான சம்பளமும் தடையில்லை, வரம்பை மீறினால் வரிவிலக்குக்கே ஆபத்து. சம்பளம் வாங்கும் செயலாளர் செயற்குழுவிலும் இருந்தால், அவர் சம்பளம் பேசும்போது வெளியே போய்விட வேண்டும். வெளியே போனார் என்பதை மினிட்ஸில் எழுதுங்கள்.

---

பைலாபக்கம்:

அடுத்த பொதுக்குழுவில் மூன்று இடம் காலியாகும் என்றால், யாரைத் தேடுவது என்பதற்கும் இப்போதே தாள் போடுங்கள். ஒன்பது பேரையும் இடப்பக்கம் எழுதி, மேலே கணக்கு, சட்டம், பள்ளிக் கல்வி, ஊர்த் தொடர்பு, நன்கொடை திரட்டல் என்று கட்டம் போட்டு டிக் செய்யுங்கள். காலியாக இருக்கும் கட்டத்துக்குத்தான் ஆள் தேட வேண்டும். உங்கள் மையத்தில் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவர், குழுப் பெண்களிலிருந்து இருவர், கணக்குத் தெரிந்த ஒருவர் என்று பார்க்கலாம். சேர்க்கும் முன் பைலா, கடந்த ஆண்டு தணிக்கை அறிக்கை, கடைசி நான்கு கூட்டங்களின் மினிட்ஸ் கையில் கொடுத்து, ஒரு கூட்டத்துக்குப் பார்வையாளராக அழையுங்கள். ஆண்டுக்கு நான்கு கூட்டம், ஒரு கள நாள், ஒரு அமர்வு என்று நேரத்தைச் சொல்லியே கேளுங்கள். "சும்மா பேருக்கு இருங்க" என்று சொல்லிச் சேர்த்தால் பேருக்குத்தான் இருப்பார்.

---

சிறுவிளக்கு:

ஏழு மையப் பொருளை அப்படியே எங்கள் எண்களோடு எழுதத் தொடங்கிவிட்டேன். வருகைப் பதிவேட்டை எடுத்தபோது இரண்டு மையத்தில் ஆறு மாதமாகப் பதிவே இல்லை என்று தெரிகிறது. அதையும் தாளில் சேர்க்கலாமா, முதலில் சரிசெய்துவிட்டு வைக்கலாமா?

---

கண்மாய்மடை:

சேருங்கள். "இரண்டு மையத்தில் பதிவு இல்லை, மேற்பார்வையாளர் இந்தத் தேதியிலிருந்து வாரம் ஒரு முறை நேரில் போய் எண்ணுகிறார்" என்று ஒரு வரி. அந்த இரண்டையும் ஏழில் சேர்த்துக் கணக்கிடாதீர்கள், தனியாகக் காட்டுங்கள். எட்டு வார எண்ணிக்கை கிடைத்ததும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். பழைய பதிவேட்டை மட்டும் உட்கார்ந்து நிரப்பிவிடாதீர்கள்.